கொல்லப்பட்டவரும் கொலையும்

காசிம் சுலைமானியின் கொலை பற்றி இந்த இதழில் இரண்டு கட்டுரைகள் வருகின்றன. ஒரு கட்டுரை அதை அரச பயங்கரவாதம் என்கிறது. மற்றது, சிரியாவில் அவர் செய்தவற்றுக்குப் பிந்திக் கிடைத்த தண்டனை என்கிறது. இரண்டையும் ஒரே இதழில் போடக்கூடாதென்று இரு பக்கத்திலிருந்தும் நெருக்குதல் வந்தது. முதற் கட்டுரையாளரின் நண்பர்கள் மற்றதை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாமவர், முதலாவது வருவதென்றால் தன்னுடையதைத் திருப்பித் தரும்படி கேட்டார். நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் இருவரும் சம்மதித்தார்கள். ஆசிரியர் குழுவின் நிலைப்பாட்டை எழுதும் கடமை இந்தப் பக்கத்துக்கு இருக்கிறது.

2020 ஜனவரி 3ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய வேளை. டமாஸ்கஸிலிருந்து வந்திறங்கிய சுலைமானி, பக்தாத் விமான நிலையத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். அமெரிக்க ஆளில்லா விமானமொன்று அவரது வாகனத்தையும் கூடச் சென்ற வாகனத்தையும் ஏவுகணைகளால் தாக்கியது. ஈராக்கியத் துணைப்படைத் தலைவர் அபூ மஹ்தி அல்-முஹந்திஸ் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். சுலைமானி ஈரானியப் புரட்சிக் காவற்படையின் குத்ஸ் பிரிவுத் தளபதி. பதவியிலிருந்த அரச இராணுவ அதிகாரி. அவரது நாட்டோடு அமெரிக்கா போர்ப் பிரகடனம் எதுவும் செய்திருக்கவில்லை. கொலை நடந்த மண்ணோ மூன்றாவது நாடொன்றினுடையது. அன்று காலை சுலைமானியைச் சந்திக்க இருந்ததாகவும், சவூதி அரேபியாவின் செய்தியொன்றுக்கான பதிலை அவர் கொண்டுவந்ததாகவும் அப்போதைய ஈராக்கியப் பிரதமர் அடில் அப்துல் மஹ்தி நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரவுக்குப் பிறகு இத்தகைய கொலை வழக்கமாகிவிட்டது என்பதே எங்கள் காரணம். 2024 ஜூலையில் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே தெஹ்ரானில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஹிஸ்புல்லா தலைவர் ஹசன் நஸ்ரல்லா பெய்ரூட்டில் கொல்லப்பட்டார். 2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேலியத் தாக்குதலில் ஈரானின் முப்படைத் தலைமை அதிகாரி முகமது பாகெரியும் புரட்சிக் காவற்படைத் தளபதி ஹொசைன் சலாமியும் ஒரே நாளில் போனார்கள். 2020இல் சட்ட அறிஞர்கள் வாரக்கணக்கில் விவாதித்த காரியம், 2025இல் தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் ஓடும் வரியாகிவிட்டது. அது அங்கே வந்து சேர்ந்த வழியைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த விடயம் வந்தபோது மேசை இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் கூடும் இடம் இரத்மலானையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. புகையிரதப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர், யாழ்ப்பாணத்துக்காரர், சூடாகக் கேட்டார்: “விமானத்தால இறங்கி வாற மனுசனை, அதுவும் இன்னொருத்தன்ரை நாட்டில வைச்சு அடிக்கிறது எந்தப் போர்த் தர்மம்?” எதிரே இருந்தவர் முஸ்லிம் பாடசாலை ஆசிரியர். அவர் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, அலெப்போவில செத்த பிள்ளைகளுக்காக இந்த மேசையில ஒரு நாளாவது இரண்டு நிமிசம் எழும்பி நின்றோமா?” நாங்கள் நின்றதில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. இந்த இதழின் பழைய பிரதிகளைப் புரட்டினால் ஈராக் பற்றியும் பலஸ்தீனம் பற்றியும் நிறைய இருக்கிறது. சிரியா பற்றி மிகக் குறைவு.

சுலைமானியின் கணக்கு சிறியதல்ல. கெர்மான் மாகாணத்தின் ஏழை மலைக்கிராமமொன்றில் 1957இல் பிறந்து, இளவயதில் கட்டட வேலை செய்து, 1979 புரட்சியோடு படையில் சேர்ந்தவர். எட்டாண்டு ஈரான்–ஈராக் போரில் வளர்ந்தவர். 2014இல் ஐ.எஸ். அமைப்பு பக்தாத்தை நெருங்கியபோது அதை எதிர்த்து நின்ற படைகளை ஒழுங்குபடுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதற்காக நன்றி சொல்லும் ஈராக்கியர்கள் இருக்கிறார்கள். அதே கையால்தான் பஷார் அல்-அசாத்தின் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தார். முற்றுகையிட்டுப் பட்டினி போடப்பட்ட சிரிய நகரங்களின் கதை அவரை விட்டுவிட்டு எழுதப்பட முடியாதது. ஈராக்கில் தங்கள் படையினர் நூற்றுக்கணக்கானோர் இறந்ததற்கு அவர் கொடுத்த ஆயுதங்களும் பயிற்சியுமே காரணம் என்கிறது அமெரிக்கா. 2019 ஒக்டோபரில் வேலையும் தண்ணீரும் மின்சாரமும் கேட்டுப் பக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடிய ஈராக்கிய இளைஞர்களைச் சுட்டவர்களில் ஈரானை அண்டிய துணைப்படைகளும் இருந்தன என்பது அந்த இளைஞர்களின் குற்றச்சாட்டு. அதனால்தான் அவர் இறந்த செய்தி கேட்டு சிரியாவின் இட்லிப்பில் இனிப்பு வழங்கினார்கள். கெர்மானில் அவரை அடக்கம் செய்ய வந்த கூட்டத்திலோ ஐம்பதுக்கு மேற்பட்டோர் நெரிசலில் இறந்தார்கள். இரண்டு கூட்டமும் பொய்யான கூட்டமல்ல.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு மனிதர் செய்தவற்றைத் தீர்ப்பது ஒரு வழக்கு. அவரைக் கொன்ற முறையைத் தீர்ப்பது வேறொரு வழக்கு. முதல் வழக்கில் குற்றவாளி என்று முடிவானால் இரண்டாவது தானாகத் தள்ளுபடியாகிவிடும் என்று நினைப்பதில்தான் நமக்கு ஆபத்து இருக்கிறது.

வாஷிங்டன் முதலில் சொன்ன காரணம், உடனடித் தாக்குதலொன்றைத் தடுத்தோம் என்பது. எந்தத் தாக்குதல், எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வரவில்லை. சில வாரங்களில் காங்கிரசுக்கு அனுப்பிய அறிக்கையில் முன்னர் நடந்த தாக்குதல்களே முதன்மைக் காரணமாக எழுதப்பட்டிருந்தன. ஐ.நா.வின் அப்போதைய விசேட அறிக்கையாளர் அக்னஸ் கலமார் 2020 ஜூலையில், உடனடி ஆபத்துக்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை, ஆகவே கொலை சட்டவிரோதமானது என்று எழுதினார். அமெரிக்கா அதை நிராகரித்தது. ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே எதிர்ப்பு வாக்காகப் பதிவானது. ஈரானுக்கு எதிரான போர் நடவடிக்கையைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை ஜனவரி 9ஆம் திகதி 224க்கு 194 என்று நிறைவேற்றியது. செனற் சபையில் அதே நோக்கத்திலான தீர்மானம் பெப்ரவரியில் 55க்கு 45 என்று நிறைவேறியது. ட்ரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த எட்டுப் பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ட்ரம்ப் அதை இரத்துச் செய்தார். கொன்றது அவர்களுடைய அரசு, இறந்தது அவர்களுடைய எதிரி. இருந்தும் அந்நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதைச் சிறிதாக நினைக்க எங்களால் முடியவில்லை.

ஏனென்றால் நாங்கள் வந்த வழி வேறு. 1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கோவில் வாசலில் சுடப்பட்டபோது, அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றித்தான் ஊர் பேசியது. சுட்டது சரியா என்று உரத்துக் கேட்டவர்கள் சிலரே. பதினான்கு வருடத்தில் அதே துப்பாக்கி கொழும்பிலிருந்த தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு வந்தது. கேட்கத் துணிந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகம அதே 1989இன் செப்டம்பரில் யாழ்ப்பாணத்து வீதியில் சுடப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வம் பத்து வருடம் கழித்து, 1999இல், கொழும்பில் கொல்லப்பட்டார். ஒவ்வொரு முறையும் கொல்லப்பட்டவரின் குற்றப்பட்டியல் முதலில் வந்தது. கொலை அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. இறந்தவர்களின் பட்டியல் நீண்டதற்கு நம்முடைய அந்த மௌனமும் காரணம்.

மறுபக்கத்தையும் கண்டோம். 2007 நவம்பர் 2ஆம் திகதி விமானப்படைக் குண்டுவீச்சில் விடுதலைப் புலிகளின் அரசியற்துறைப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டார். ஜெனீவாவில் அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை மேசையில் இருந்த ஒருவர் அவர். தெற்கில் அதை வெற்றியென்று கொண்டாடினார்கள். 2009 மே மாதத்தில் காலி வீதியில் தேசியக் கொடியோடு நின்று, போகிற வருகிற வாகனங்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் தொடர்மாடிகளின் யன்னல்கள் மூடியிருந்தன. பஸ்ஸில் இருந்த தமிழர்களுக்கும் அந்தப் பாற்சோறு நீட்டப்பட்டது. வாங்காமல் இருக்கப் பயந்து வாங்கினார்கள். வன்னியில் உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத நிலையில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு இருந்தவர்கள் எங்கள் வாசகர்களில் பலர். இட்லிப்பின் இனிப்புச் செய்தியை வாசிக்கும்போது எங்களுக்கு அந்தக் கை நினைவுக்கு வருகிறது. இட்லிப் மக்களின் ஆத்திரத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. குண்டு விழுந்த வீட்டுக்காரருக்குத் துக்கம் காக்கும்படி யாரும் கட்டளையிட முடியாது. ஆனால் எங்கோ இருந்து, எந்தக் குண்டும் விழாத வீட்டிலிருந்து, ஒரு கொலைக்குக் கைதட்டி எழுதும் கட்டுரைக்கு இந்த இதழில் இடமில்லை. இம்முறை வந்த கட்டுரைகளில் ஒன்றை அதற்காகவே திருப்பி அனுப்பினோம். வெளிவரும் இரண்டாவது கட்டுரை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது இறந்த சிரியர்களுக்காக வாதாடுகிறது.

ஈரான் எங்களுக்குத் தூரத்து நாடுமல்ல. சபுகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியதிலிருந்தே ஈரானிய மசகு எண்ணெய்க்குப் பழகியது. மலையகத் தொழிலாளி கொய்யும் கொழுந்தின் பெரிய வாடிக்கையாளர்களில் ஈரானும் ஒன்று. 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்க 2021 டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தானது. உமா ஓயாத் திட்டத்தைத் திறந்துவைக்க 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி ரைசி வந்தார். போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த 2008இல் அஹ்மதிநெஜாத் கொழும்புக்கு வந்ததையும், எண்ணெய்க்குக் கடன் கொடுத்ததையும் தமிழர்கள் மறக்கவில்லை. சுலைமானிக்காக ஏன் நாம் பேசவேண்டும் என்று கேட்கும் தமிழ் வாசகரின் மனதில் இந்தக் கசப்பும் இருக்கிறது. அந்தக் கசப்பு எங்களுக்கும் உண்டு. அவருக்காக நாங்கள் பேசவில்லை. ஓர் அரசு தான் விரும்பிய நாளில், விரும்பிய நாட்டில், விரும்பியவரைக் கொல்லலாம் என்ற உரிமையை எதிர்த்துப் பேசுகிறோம். அந்த உரிமை அமெரிக்காவோடு நிற்காது. ஈரானும் தன் எதிரிகளை அயல்நாடுகளில் தேடிக் கொன்றிருக்கிறது. பெர்லினில் 1992இல் குர்திஷ் தலைவர்களை உணவகமொன்றில் வைத்துக் கொன்ற வழக்கில் ஜேர்மன் நீதிமன்றம் தெஹ்ரானின் மேலிடத்தையே குற்றம்சாட்டியது.

அந்த இரவின் தொடர்ச்சியாக நடந்த ஒன்றுதான் எங்களை மிகவும் வருத்துவது. 2020 ஜனவரி 8ஆம் திகதி விடிய முன்பு ஈரான், ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணைகளை வீசிப் பழிவாங்கியது. அமெரிக்கர் எவரும் இறக்கவில்லை. சில மணி நேரத்தில் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரேனியப் பயணிகள் விமானத்தைப் புரட்சிக் காவற்படை ஏவுகணையால் சுட்டு வீழ்த்தியது. 176 பேர். பெரும்பாலானோர் ஈரானியர்கள், விடுமுறை முடிந்து கனடாவுக்குப் படிக்கத் திரும்பிய மாணவர்கள் பலர். மூன்று நாள் மறுத்துவிட்டு, நான்காம் நாள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட அன்றே தெஹ்ரானின் அமீர்கபீர் பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு இறங்கித் தங்கள் அரசைப் பொய்யர்கள் என்றார்கள். சில நாள் முன்பு தளபதிக்காக மக்கள் வெள்ளம் நிறைந்த அதே நகரில்தான் அவர்கள் நின்றார்கள். முந்திய நவம்பரில் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்தவர்களில் குறைந்தது 304 பேர் கொல்லப்பட்டதாக சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டே இறங்கினார்கள்.

பயணிகள் விமானம் வீழ்த்தப்படுவது என்னவென்று இரத்மலானையில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இங்குள்ள விமான நிலையத்துக்கு வரவேண்டிய லயன் எயார் விமானம் வந்து சேரவில்லை. தரைப்பாதை மூடியிருந்த காலம். 48 பயணிகள், 7 விமானப் பணியாளர்கள். பயணிகளில் அநேகர் தமிழர்கள்: வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகப் புறப்பட்டவர்கள், பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது மன்னார்க் கடலில் வீழ்ந்தது. பதினான்கு வருடம் கழித்து, 2012இல், இரணைதீவுக்கு அப்பால் கடலடியிலிருந்து சிதைவுகளை எடுத்தார்கள். கிடைத்த உடைகளும் பொருட்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினான்கு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த ஒரு சட்டையைப் பார்த்து, இது என் மகனுடையது என்று சொல்லவேண்டிய நிலை.

தெஹ்ரான் மாணவர்கள் நான்காம் நாள் செய்ததை நாங்கள் பதினான்கு வருடத்திலும் செய்யவில்லை. அந்த 55 பேருக்காகத் தமிழில் எழுதப்பட்டது மிகக் கொஞ்சம். சுட்டவர்களை நேசித்தவர்கள் பேசவில்லை, வெறுத்தவர்கள் அதைத் தங்கள் வாதத்துக்கு மட்டும் எடுத்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தனித்துப்போயின. சிலர் இன்றும் இந்தப் பகுதியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் சுலைமானி பற்றிய எதிர்வினைகளை வெளியிடுவோம். சொந்தப் பெயரில் எழுதவேண்டும், கட்டுரை எழுதியவரின் மதத்தையோ ஊரையோ இழுக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகள் மட்டுமே. அவற்றோடு சேர்த்து, அந்த விமானத்தில் தங்கள் ஆட்களை இழந்தவர்களிடமிருந்தும் எழுத்தை எதிர்பார்க்கிறோம். அவர்களுக்குப் பெயர் போடவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எழுத வராதவர்கள் சொன்னால் வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்வோம். பக்கக் கணக்குப் பார்க்கமாட்டோம்.