ஒன்று, சில, பல, ஏராளம்

குளிர்ந்த கடலுக்குள் பொழுதுபோக்காக இறங்கி, அங்குள்ள உயிர்களைப் பார்த்துவிட்டு வருபவர்களைப் பற்றி நம் இலக்கிய வட்டாரத்தில் இரண்டே கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, அது வசதி படைத்தவர்களின் வெற்று வேடிக்கை. மற்றொன்று, அது இயற்கையின் காலடியில் அமர்ந்து ஞானம் பெறும் தவம். முன்னதைச் சொல்பவர்கள் நம் முற்போக்கு நண்பர்கள். பின்னதைச் சொல்பவர்கள் நம் 'தரிசன' நண்பர்கள். ஏனைய எல்லாவற்றிலும் முரண்படும் இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்படுகிறார்கள். கண்ட உயிர் எது, அது என்ன செய்துகொண்டிருந்தது, அங்கே எத்தனை இருந்தன என்ற கேள்விகள் இருவருக்குமே பொருட்டல்ல. இந்த அலட்சியத்தை மறுப்பதே நம் நோக்கம்.

கடலடி என்றதும் நம் மனத்தில் எழுவது நீலத் தெளிவும் பவளப்பாறையும் வண்ண மீன்களும்தான். அந்த நீர் தெளிவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதன் வறுமை. சத்துகள் குறைவு, ஆகவே மிதவை உயிரிகளும் குறைவு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீர் சத்துகளை அள்ளிக்கொண்டு வருகிறது. நீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது. வெப்பநிலை பெரும்பாலும் 10 பாகையை ஒட்டியே இருக்கும். தடித்த உடையும் கையுறையும் முகமூடியும் காற்றுக்கலனும் சுமந்து இறங்குபவருக்குச் சில மீட்டர் தொலைவுக்கு மேல் எதுவும் புலப்படாத நாட்கள் பல. ஆனால் அந்தக் கலங்கலில்தான், ஒரே நாளில் அரை மீட்டர் வரை வளரவல்ல கெல்ப் என்னும் பெரும்பாசிகள் காடாக நிற்கின்றன. அவற்றின் அடியில் கடல் சாமந்திகள், ஓடில்லாக் கடல் நத்தைகள், கடல் முள்ளெலிகள், பாறையிடுக்கில் நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் எட்டுக்கை உயிர். அகலப் பார்க்க வழியில்லாத இடத்தில் அணுகிப் பார்த்தே ஆகவேண்டும். குளிர்கடல் தன் பார்வையாளருக்கு விதிக்கும் முதல் ஒழுக்கம் இது.

தரிசன நண்பர்களுக்கு 2020இல் வெளிவந்த 'மை ஆக்டோபஸ் டீச்சர்' நல்விருந்தாக அமைந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை ஒட்டிய கெல்ப் காட்டில், உடலைக் காக்கும் உடையோ காற்றுக்கலனோ இன்றி நாள்தோறும் மூழ்கிய கிரெய்க் ஃபாஸ்டர் ஒரு பேய்க்கணவாயை ஏறத்தாழ ஓராண்டு பின்தொடர்ந்த கதை அது. 2021இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. படத்தை நாம் குறைசொல்லவில்லை. தடம் பார்த்துத் தடம் பார்த்து அந்த உயிரின் இருப்பிடத்தை அவர் கண்டடையும் பகுதி, கூர்ந்து நோக்குதலுக்கு ஓர் இலக்கணம். ஆனால் நம்மவர்கள் சிலாகித்தது அதை அல்ல. தலைப்பிலுள்ள 'ஆசிரியர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். குரு, அன்பு, தாய்மை, தியாகம் என்று சொற்கள் பெருகின. படத்திலுள்ள ஏனைய உயிர்களில் எத்தனையின் பெயர் அவர்கள் நினைவில் நின்றது?

தியாகம் என்கிறோம். பசிபிக்கின் பெரும் பேய்க்கணவாய் பல்லாயிரம் முட்டைகளை இட்டு, ஆறு மாதத்துக்கும் மேலாக உண்ணாமல் அவற்றுக்கு நீர் பீய்ச்சித் தூய்மை செய்து, குஞ்சு பொரிந்ததும் சாகிறது. 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் கரீபியக் கடல் இனம் ஒன்றில், முட்டையிட்ட பெண் உயிரின் கண்ணருகே உள்ள சுரப்பிகளை அகற்றினார். அது அடைகாப்பதை விட்டது, மீண்டும் இரை தின்றது, நெடுநாள் வாழ்ந்தது. இதைத் தெரிந்துகொள்வதால் வியப்பு குறைந்துவிடுமா? கூடவே செய்கிறது என்பது நம் கட்சி. தாய்மை என்ற சொல்லைப் போர்த்தியதும் வியப்பு அடங்கிவிடுகிறது, ஏனெனில் அந்தச் சொல் நம்முடையது, பழகியது. கடலுக்குள் போயும் நம் முகத்தையே கண்டு திரும்புவதற்குக் கடல் எதற்கு, கண்ணாடி போதுமே.

இனி முற்போக்கு நண்பர்களின் குற்றச்சாட்டு. வெற்று வேடிக்கை என்பதற்கு விடையாக ஒரு சிறு பலகையையும் பென்சிலையும் முன்வைக்கிறோம். 1990இல் ஃபுளோரிடாவில் தொடங்கப்பட்ட 'ரீஃப்' என்ற அமைப்பு, பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களுக்கு உயிர்களை இனங்காணக் கற்றுக்கொடுத்து, கண்டதை நீருக்கடியிலேயே குறித்துவரச் செய்கிறது. எண்ணிக்கைக்கு அவர்கள் பயன்படுத்தும் சொற்கள் நான்கு. ஒன்று என்றால் ஒன்று. சில என்றால் இரண்டு முதல் பத்து. பல என்றால் பதினொன்று முதல் நூறு. ஏராளம் என்றால் நூற்றுக்கு மேல். 'எண்ணற்ற', 'கணக்கிலடங்கா' என்று கைக்கு வந்ததை எழுதிக் குவிக்கும் நம் உரைநடை, இந்த நான்கு சொற்களின் முன் சற்றே தலைகுனிய வேண்டும்.

இதன் பயன் 2013இல் தெரிந்தது. அக்கரையில் சூரியகாந்தி நட்சத்திர மீன் என்றொரு உயிர் உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட கைகளும் ஒரு மீட்டர் வரை அகலமும் கொண்ட வேட்டையாளி. எங்கும் காணப்பட்டதால் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாதது. அவ்வாண்டு அவை உடல் குழைந்து, கைகள் கழன்று, வெண்சேறாகக் கரையத் தொடங்கின. வான்கூவரை அடுத்த ஹோவ் சவுண்ட் கடற்கழியில் அந்தச் சாவைக் கண்டு முதலில் உரக்கச் சொன்னவர்களுள் பொழுதுபோக்கு முக்குளிப்பாளர்களும் இருந்தனர். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, தன்னார்வலர்கள் 2006 முதல் 2017 வரை மூழ்கிக் குறித்த ஏறத்தாழ 11,000 பதிவுகளையும், ஆழ்நீரில் வலையிழுத்து எடுக்கப்பட்ட அரசுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இரண்டும் ஒரே வீழ்ச்சியைக் காட்டின. மாண்டவை ஐந்நூறு கோடிக்கும் மேல் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. 2020இல் அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது.

அதன் விளைவு அதோடு நிற்கவில்லை. அதற்கு இரையாகிவந்த ஊதா முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் கடலும் அசாதாரணமாகச் சூடேறிக் கிடந்தது. வட கலிஃபோர்னியாவின் கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சில ஆண்டுகளில் மறைந்தது. கெல்ப்பை உண்டு வாழ்ந்த அபலோன் நத்தைகள் பட்டினியால் செத்தன. அவற்றைப் பொழுதுபோக்காகப் பிடிப்பது 2018இல் நிறுத்தப்பட்டது.

பார்த்ததால் காப்பாற்ற முடிந்ததா என்று கேட்கலாம். முடியவில்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்வதற்கே முன்பு 'இருந்தது' என்று ஒருவர் எழுதிவைத்திருக்க வேண்டும். மலிவாக இருந்த காலத்திலேயே அந்த மீனை 'பல' என்று குறித்தவர் இல்லாவிட்டால், இழப்பு வெறும் வதந்தியாகப் போயிருக்கும். நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025இல்தான் கண்டறிந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் அம்மீனை வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. வளர்த்ததை நாளை எங்கே விடுவது என்பதற்கும் அந்தப் பழைய பலகைகளைத்தான் புரட்டவேண்டும்.

வேடிக்கை எப்போது பொறுப்பாக மாறும் என்பதற்கு இன்னொரு சான்று சியாட்டிலில் உண்டு. 2012இல் அந்நகரின் மேற்குக் கரையில் முக்குளிப்பாளர்கள் கூடும் இடமொன்றில் ஒருவர் பெரும் பேய்க்கணவாய் ஒன்றைச் சட்டப்படியே பிடித்துச் சென்றார். அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கவில்லை. ஆயினும் அங்கே வழக்கமாக மூழ்குபவர்கள் கொதித்தெழுந்தனர். 2013இல் ஏழு இடங்களில் அதைப் பிடிக்க வாஷிங்டன் மாநிலம் தடை விதித்தது. உணர்ச்சிவசப்பட்ட சட்டம் என்று இதை எள்ளலாம். நாம் வேறுவிதமாகப் பார்க்கிறோம். மீண்டும் மீண்டும் ஒரே பாறையிடுக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த உயிர் 'கடல்வளம்' அல்ல, அவ்விடத்துக் குடி.

இவர்களுக்கும் குறைகள் உண்டு. கருவிகள் விலை கூடியவை, பலருக்கு எட்டாதவை. கவனமற்ற ஒரு துடுப்படி வண்டலைக் கிளப்பும். இனங்காண்பதில் பிழைகள் நேரும். இவையெல்லாம் செம்மையாகப் பார்க்கவேண்டும் என்பதற்கான காரணங்கள். பாராதிருப்பதற்கான சாக்குகள் அல்ல. நம்மில் பெரும்பாலோர் குளிர்கடலில் இறங்கப்போவதில்லை. எனினும் இது நம் விவகாரமே.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அந்த இரக்கம் அந்தரத்தில் நிற்பதில்லை. அலவனும் நாரையும் ஞாழலும் புன்னையும் பெயரோடும் செயலோடும் அதைத் தாங்கி நிற்கின்றன. அப்புலவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகே இரங்கினார்கள். நாமோ இன்று சுற்றுச்சூழல் என்ற பெயரில் இரங்கலை மட்டும் உற்பத்தி செய்கிறோம். பெயரறியாத உயிர்களுக்கு எழுதப்படும் இரங்கற்பா யாருக்கானது? நம் இதழ்கள் இயற்கை குறித்த கட்டுரை கேட்கும்போது எழுதுபவரிடம் முதலில் கேட்கவேண்டியது அவருடைய மனவெழுச்சியை அல்ல. என்ன கண்டீர்கள், எத்தனை கண்டீர்கள் என்பதை. ஒன்றா, சிலவா, பலவா, ஏராளமா?