சினை ஊசி போட்டும் மாடு சினை பிடிக்காதது ஏன்?

‘‘கலப்பினப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. உறைவிந்துக் குச்சியில் குறை இருக்குமா?’’
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

இருக்கலாம். ஆனால், பெரும்பாலும் குறை குச்சியில் இருப்பதில்லை. அதைக் கையாளும் விதத்தில்தான் இருக்கிறது.

விந்தணுவுக்குள் தண்ணீர் இருக்கிறது. உறையும்போது அது ஊசிபோன்ற பனித்துகளாக மாறி, விந்தணுவின் மேல்தோலைக் கிழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் முட்டை மஞ்சள்கரு, கிளிசரால் போன்றவற்றைக் கலந்து உறைய வைக்கிறார்கள். அப்படியும் ஏறக்குறைய பாதி விந்தணுக்கள் வீணாகிவிடும். மிஞ்சியவை, மைனஸ் 196 டிகிரி குளிர் உள்ள திரவ நைட்ரஜனில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.

நைட்ரஜன் குறைந்தாலோ, குச்சிகளைக் கொள்கலனின் வாய்க்கு மேலே தூக்கிவைத்துத் தேடினாலோ சேதம் தொடங்கிவிடும். மறுபடியும் உள்ளே போட்டாலும் செத்த விந்தணு பிழைக்காது. வெளியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

உருக்குவதும் முக்கியம். 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடிகள் குச்சியைப் போட வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தோ, பச்சைத் தண்ணீரில் போட்டோ மெதுவாக உருக்கினால், பனித்துகள்கள் மீண்டும் பெரிதாகி விந்தணுவைக் கெடுக்கும். பிறகு, குச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வெயில் படாமல் சில நிமிடங்களுக்குள் ஊசி போட்டுவிட வேண்டும்.

உறைந்து உருகிய விந்தணுவுக்கு ஆயுள் குறைவு. அதனால், நேரம் தவறக் கூடாது. காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். பருவம் ஒருமுறை தவறினால், அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவும் நஷ்டம்தான்.

ஊசி போடுபவர் வருவதற்குள் மாட்டை நிழலில் கட்டி, வெந்நீரும் சுத்தமான துணியும் தயாராக வைத்திருக்கலாம். ஊசி போட்ட தேதி, குச்சியில் உள்ள காளையின் எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று முறை போட்டும் நிற்காத மாட்டுக்கு, நான்காவது ஊசிக்கு முன்பாகக் கால்நடை மருத்துவரிடம் கருப்பைப் பரிசோதனை செய்வது அவசியம். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய வழும்பு, சீழ் கலந்து வந்தால் அது கருப்பை நோயின் அறிகுறி. அதைக் குணப்படுத்தாமல் எவ்வளவு நல்ல குச்சியைப் போட்டாலும் பலன் இருக்காது. தாது உப்புக்கலவையைத் தினமும் தீவனத்தில் கலந்து கொடுத்து வருவதும் சினை பிடிக்க உதவும்.