பழைய கணிப்பொறியும் புதிய முயற்சியும்

வீட்டுப் பரண்மேல் துணி சுற்றிக் கிடக்கும் பழைய கணிப்பொறிகளைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்க்குமாறு மாணவச் செல்வங்களையும் சமுதாயப் பெரியோர்களையும் வேண்டிக்கொள்கிறோம். ஏழை மாணவர் ஒருவருக்குக் கணிப்பொறி இல்லை என்று கேட்ட அளவில், புதியதொன்றை வாங்கித் தர முன்வரும் நல்லுள்ளங்கள் நம் பகுதியில் உண்டு. அவர்தம் ஈகையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், இன்னும் உழைக்கக்கூடிய பொறிகள் பல பழைய இரும்புக் கடைக்குப் போவதைக் காண்கிறோம். அவற்றுக்கு வேண்டியது பணமன்று. அருகில் அமர்ந்து வழிகாட்டும் ஓர் ஆளே என்பது நம் கருத்து.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. இத்தகையவற்றுக்குப் புகலிடமாக நிற்பது, ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ். விலையில்லை, உரிமக் கட்டணமில்லை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. நாம் அறிந்த வட்டத்தில் அதனைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. பொருளைக் கொடுத்தோம், பழக்கித் தர ஆள் கொடுக்கவில்லை.

சென்ற விடுமுறையில், மில்லர்புரத்திலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர் தம் தமக்கை 2012-இல் பெற்ற அத்தகைய மடிக்கணினியைத் துணிப்பையில் இட்டுக் கொண்டுவந்தார். "மூணு நாளா போராடுறேன் சார், லினக்ஸ் ஏறவே மாட்டேங்குது" என்றார். கடைக்காரர் ஒருவர், "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டாராம். அவ்வீட்டில் இருப்பது அந்த ஒரு பொறிதான்.

பென்டிரைவைத் திறந்து பார்த்தோம். இணையத்திலிருந்து இறக்கிய ஒற்றைக் கோப்பை அப்படியே அதில் நகலெடுத்து வைத்திருந்தார். விதைநெல்லை மூட்டையோடு வயலில் வைத்துவிட்டுப் பயிர் முளைக்கவில்லையே என்பது போன்றது இது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள் ஒன்றைக் கொண்டு அக்கோப்பை விரித்து எழுதினால்தான் பொறி அதிலிருந்து எழும். எழுதினோம், அப்போதும் எழவில்லை. பழைய பயாஸ் முறையில் இயங்கும் அப்பொறிக்கு, புதிய யூஇஎஃப்ஐ முறைக்கென எழுதப்பட்ட பென்டிரைவு புரியவில்லை. ரூஃபஸில் எம்பிஆர் என்னும் தெரிவைக் கொண்டு மறுபடியும் எழுதினோம்.

அடுத்து வந்ததுதான் விந்தை. பென்டிரைவிலிருந்து முதலில் தொடங்குமாறு பயாஸில் ஒழுங்கு செய்து வைத்தால், மின்னிணைப்பை எடுத்து மீண்டும் ஏற்றும்போது அது பழையபடி மாறிவிடுகிறது. மாணவர் தம் நினைவையே ஐயுற்றார். திரையின் மூலையில் இருந்த நாளைக் கண்டதும் காரணம் விளங்கிற்று. பொறியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்தங்கி நின்றது. பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் உள்ளே உள்ள சிறு வட்ட மின்கலம் செத்துப்போயிருந்தது. கடிகாரக் கடையிலும் கிடைக்கும் பொருள்! அதனை மாற்றும்வரை, பொறியை ஏற்றியவுடன் எஃப்12 விசையை அழுத்தி ஒவ்வொரு முறையும் பென்டிரைவைத் தேர்ந்துகொண்டோம். (விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும், எச்பி பொறிகளில் பெரும்பாலும் எஃப்9.)

தொடங்கியது; பாதியில் நின்றது. கைப்பேசி இணைப்பில் இறக்கிய கோப்பு முழுமையாக வந்திருக்கவில்லை. இறக்கும் தளத்திலேயே தரப்படும் எஸ்எச்ஏ256 என்னும் சரிபார்ப்பு எண்ணோடு முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். மறுபடியும் இறக்கி எழுதிய பின், தொடக்கப் பட்டியல் வந்தது. அதன்பின் திரை இருண்டது. பழைய திரைச் சில்லுகளோடு சில வேளை இவ்வாறு நேர்வதுண்டு. பட்டியலில் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தினோம். ஒளி வந்தது. அப்போது அம்மாணவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைப் பரிசு வாங்கும் மேடையிலும் நாம் கண்டதில்லை. 2 ஜிபி நினைவகமே உள்ள பொறியாதலின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான திரையமைப்பைக் கொண்டோம். 32 பிட் செயலி மட்டுமே உள்ள இன்னும் பழைய பொறியாயின், வழங்கலைத் தேர்வதிலேயே கவனம் வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அத்தகைய பொறிகளுக்கு நிறுவி தருவதில்லை.

இனிச் சொல்வது மேற்கண்ட யாவற்றினும் பெரிது. நிறுவி ஓரிடத்தில், வன்தட்டு முழுவதையும் அழித்துவிடலாமா என்று கேட்டது. மாணவரின் விரல் ‘ஆம்’ என்பதை நோக்கிச் சென்றது. நிறுத்தினோம். உள்ளே தமக்கையின் திருமணப் படங்களும், காலஞ்சென்ற பாட்டனாரின் ஒரே ஒளிப்படமும் இருந்தன. பென்டிரைவிலிருந்தே இயங்கிக்கொண்டிருந்த லினக்ஸைக் கொண்டு அவற்றை முதலில் வேறொரு தட்டுக்கு மாற்றினோம். நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் இவ்வசதியைப் பலர் அறியார்.

நாம் நிறுத்தியது அறிவினால் அன்று, பட்டதனால். பல ஆண்டுகட்கு முன் நம் முதல் முயற்சியில், வழிகாட்ட எவருமின்றி அதே கேள்விக்கு ‘ஆம்’ என்றோம். கடற்கரை ஊர்களில் தோணிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய வட்டாரச் சொற்கள், காற்றின் பெயர்களும் நீரோட்டத்தின் பெயர்களும், அன்றோடு போயின. அவற்றைச் சொன்ன முதியவர்களுள் சிலர் இன்று இல்லை. முத்துக் குளிப்பவன் மூழ்கும்போது மேலே கயிற்றைப் பிடித்திருக்க நம்பிக்கைக்குரிய ஒருவன் இருப்பான் என்பதை இக்கரையில் அறியாதார் யார்?

ஆகவே நாம் கேட்பது இதுவே. கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்ததற்கு, ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி பெருங்காரணம். தமிழிலும் கணியம் இதழ் 2012 முதல் இத்துறைச் செய்திகளை எளிய நடையில் தந்துவருகிறது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் தட்டாமல் இயங்குகிறது. தமிழ்த்துறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெரியோர்கள் புதிய கணிப்பொறிக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பகுதியை மின்கலத்துக்கும் நினைவகத்துக்கும் ஒதுக்கட்டும். மூத்த மாணவர் இருவர் பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை அமரட்டும். வன்தட்டு தேய்ந்து ஒலியெழுப்பும் பொறியையும் உப்புக்காற்றில் தாய்ப்பலகை அரித்த பொறியையும் கட்டி அழச் சொல்லவில்லை. அவை மின்கழிவாக முறையாகப் போகட்டும். நேர்ந்த தடையையும் நீங்கிய வழியையும் தமிழில் எழுதிவைக்கத் துறையில் ஒரு குறிப்பேடு திறந்துள்ளோம். முதற்பக்கத்தில் மில்லர்புரத்து மாணவரே செத்த மின்கலத்தைப் பற்றி எழுதியுள்ளார். பழைய பொறியோடு வருவோர், நிறுவுவதற்கு ஒன்றும் படங்களைக் காப்பதற்கு ஒன்றுமாக இரண்டு பென்டிரைவுகள் கொண்டுவருக.