திட்டமில்லாத நகரம் என்றொரு பொய்

நைரோபியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பல்லவிதான். திட்டமே இல்லாமல் பெருத்த ஊர் என்பார்கள். கிராமங்களிலிருந்து வந்து குவிந்தவர்கள் கண்ட இடத்தில் தகரம் அடித்துக் குடியேறிக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். நோயைச் சொன்ன கையோடு மருந்தும் வந்துவிடும்: புதிதாக ஒரு பெருந்திட்டம், அதை நிறைவேற்றக் கண்டிப்பான ஓர் ஆள், வழி திறக்கச் சில புல்டோசர்கள். ஆட்சியில் இருப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். அந்நகரத்தின் மதில் சூழ்ந்த வசதியான பேட்டைகளில் வாழ்பவர்கள் சொல்கிறார்கள். ஆப்பிரிக்க மண்ணை மிதிக்காதவர்களும் கேள்வி ஞானத்தில் சொல்கிறார்கள்.

இது பொய். வெறும் தகவல் பிழையென்றால் திருத்திவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தப் பொய்யைக் காட்டித்தான் அங்கே மனிதர்கள் குடியிருக்கும் வீடுகளை மீண்டும் மீண்டும் இடிக்கிறார்கள். அதனால் இதை எதிர்த்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

நைரோபி திட்டத்தோடு பிறந்த ஊர். உகாண்டா ரயில்பாதை 1899-ல் அந்த ஊர் எழுந்த சதுப்பு நிலத்தை எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே ரயில்வே ஊருக்கான வரைபடம் தயாராகிவிட்டது. ரயில்வேக்கும் அதன் அதிகாரிகளுக்கும் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆப்பிரிக்கர்கள் குடியிருக்க இடம் இல்லை. பிறகு ஊர் வளர்ந்தபோது மேற்கிலும் வடக்கிலும் இருந்த மேட்டு நிலம் ஐரோப்பியர்களுக்குப் போனது. பார்க்லேண்ட்ஸ் பக்கம் இந்தியர்களுக்கு. கிழக்கே இருந்த தாழ்ந்த நிலம் ஆப்பிரிக்கர்களுக்கு. அந்த ஆப்பிரிக்கரும் ஊர்க்காரராக மதிக்கப்படவில்லை; வேலை முடிந்ததும் கிராமத்துக்குத் திரும்ப வேண்டிய தற்காலிக ஆளாகவே கருதப்பட்டார். 'கிபாண்டே' என்ற அடையாளச் சீட்டைச் சுமந்து திரிந்தார். குடும்பத்தோடு வாழ வீடு தராமல், தலை சாய்க்க ஒரு படுக்கை இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

1948-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வல்லுநர்கள் காலனித் தலைநகருக்கென்றே ஒரு பெருந்திட்டம் எழுதினார்கள். ஏற்கெனவே இனவாரியாகப் பிரிந்து கிடந்த நகரத்தை அது கலைக்கவில்லை. விடுதலைக்குப் பின் 1973-ல் பெருநகர வளர்ச்சிக்கான திட்டம் வந்தது. 2000 வரைக்கும் கணக்குப் போட்ட அந்தத் திட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. 2014-ல் ஜப்பானிய உதவியோடு 2030 வரைக்குமான இன்னொன்று எழுதி முடிக்கப்பட்டது. இத்தனை திட்டங்களைக் கண்ட ஊரைத் திட்டமில்லாத ஊர் என்று எந்த வாயால் சொல்கிறார்கள்? அந்தத் திட்டங்களில் யாருக்கு இடம் ஒதுக்கினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பதல்லவா கேட்கப்பட வேண்டும்!

விட்டுவிட்டதற்கு முதல் சாட்சி கிபெரா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய நூபிய வீரர்களை அந்த நிலத்தில் குடியமர்த்தியது காலனி அரசுதான். அவர்கள் அத்துமீறி நுழையவில்லை. அழைத்து வந்து இருக்கச் சொன்னார்கள். ஆனால் பட்டா தரவில்லை. நூறாண்டு கழித்து 2017-ல்தான் நூபிய சமூகத்துக்கு 288 ஏக்கருக்கான பட்டா கைக்கு வந்தது. அதுவரை அவர்களும், அவர்களிடம் வாடகைக்கு வந்து சேர்ந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள். சட்டவிரோதக் குடியிருப்பு என்ற முத்திரையைக் குத்திவிட்டால் குடிநீர்க் குழாய் போட வேண்டாம், கழிவுநீர் வடிகால் வேண்டாம், பள்ளி வேண்டாம், கேள்வி கேட்பாரும் இல்லை.

எண்ணிக்கையிலும் பொய் புகுந்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சேரி, பத்து லட்சம் பேர் என்று உலகமெங்கும் சொன்னார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணிச் சொன்னது சுமார் 1,70,000 பேர். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து லட்சம் என்றதும் அது யாராலும் தீர்க்க முடியாத பூதமாகிவிடுகிறது. ஒன்றே முக்கால் லட்சம் பேருக்குக் குழாயும் வடிகாலும் போடுவது ஒரு நகர நிர்வாகத்தால் முடிகிற வேலை. அதே 2009-ல்தான் அப்பகுதி இளைஞர்கள் தாங்களே சந்து சந்தாக நடந்து கிபெராவின் வரைபடத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன் பொதுவெளி வரைபடங்களில் அந்த இடம் வெற்றிடமாகக் கிடந்தது. அத்தனை பேர் வாழும் இடத்தை வெறுமையாகக் காட்டிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, குடியிருப்பவனைப் பார்த்துத் திட்டம் தெரியாதவன் என்பது என்ன நியாயம்?

சரி, திட்டத்தை மீறியவர்கள் யார்? 1989-ல் நைரோபியின் நடுவே மக்களுக்கென்று விடப்பட்ட உஹூரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்தது ஆளுங்கட்சி. எதிர்த்து எழுதியவர் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய். ஆட்சியாளர்கள் அவரை அவமதித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை, கட்டடம் கைவிடப்பட்டது. பத்தாண்டு கழித்து நகரத்தின் வடக்கே உள்ள கரூரா காட்டைத் துண்டு போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். 1999 ஜனவரியில் அங்கே மரக்கன்று நடப் போன மாத்தாயும் தோழர்களும் தாக்கப்பட்டார்கள்; அவர் தலையில் இரத்தம் வழிந்தது. பூங்காவையும் காட்டையும் கேட்டு வந்தது தகரக் கூரைக்காரர் அல்லர். கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தவர்கள்.

இது என் ஊகம் அல்ல. 2003-ல் கென்ய அரசே அமைத்த ந்டுங்கு ஆணையம் அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. 1962 முதல் 2002 வரை சுமார் இரண்டு லட்சம் பட்டாக்கள் முறைகேடாக வழங்கப்பட்டன என்று அது மதிப்பிட்டது. சாலைக்கு விட்ட நிலம், பள்ளிக்கு விட்ட நிலம், சந்தைக்கு விட்ட நிலம், காட்டு நிலம் எதுவும் தப்பவில்லை. குடிசையை இடிக்க ஓர் இரவு போதும் என்கிறவர்கள், இந்த அறிக்கையைச் செயல்படுத்த இருபது ஆண்டு போதவில்லை என்கிறார்கள்.

இனி முகுருவுக்கு வருவோம். நைரோபியின் தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் மூன்று குடியிருப்புகள்: முகுரு க்வா ஞ்ஜெங்கா, முகுரு க்வா ரூபன், விவாண்டானி. சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். பெரும்பாலோர் பத்துக்குப் பத்து தகர அறைக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பவர்கள். ஏன் அங்கே இருக்கிறார்கள்? தொழிற்சாலை வாசலுக்கு நடந்து போகலாம் என்பதால். கூலியில் பாதியைப் பயணத்துக்கே கொடுத்துவிட்டு யாரால் வாழ முடியும்? நகரத்துக்கு அவர்களின் உழைப்பு வேண்டும், அவர்கள் இரவு தூங்கும் இடம் மட்டும் கூடாதென்றால் எங்கே போவார்கள்? அந்த நிலத்தின் கதையையும் கேளுங்கள். சிறு தொழில் நடத்துவதற்கென்று 1980-களிலும் 1990-களிலும் தனியாருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. குறித்த காலத்துக்குள் தொழில் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. வாங்கியவர்களில் பலர் தொடங்கவில்லை. சிலர் பத்திரத்தை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கினார்கள். நிபந்தனையை மீறியவர் நில உரிமையாளர். அந்த நிலத்தில் குடும்பம் நடத்துகிறவர் ஆக்கிரமிப்பாளர். இதுதான் நைரோபியின் ஒழுங்கு.

இந்த ஒழுங்குக்கு ஏழை தண்டமும் கட்டுகிறார். முகுருவில் தண்ணீரைக் கேன் கணக்கில் விற்பவரிடம் வாங்க வேண்டும். வீட்டுக்குள் குழாய் உள்ள பேட்டைக்காரர் ஒரு லிட்டருக்குக் கொடுப்பதைவிட அங்கே விலை அதிகம். மின்சாரமும் இடைத்தரகர் கையில். சேரிக்காரர் இலவசத்தில் வாழ்கிறார் என்று பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் நைரோபி மாவட்ட அரசு முகுருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு தானாக வரவில்லை. 'முஉங்கானோ வா வனாவிஜிஜி' என்ற குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு பல ஆண்டுகள் வீடு வீடாகக் கணக்கெடுத்து, நிலத்தின் ஆவணங்களைத் தோண்டி, வாதாடிப் பெற்றது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் நகரத் திட்டமிடல் என்பேன். பத்து வீட்டுக்கு ஒரு குழு, குழுக்களிலிருந்து தெருவுக்குப் பேராளர்கள், அங்கிருந்து பகுதிக்கு. பல்கலைக்கழகங்கள், சட்ட வல்லுநர்கள், சுகாதாரப் பணியாளர்கள் என நாற்பதுக்கு மேற்பட்ட அமைப்புகள் அவர்களோடு உட்கார்ந்தன. முக்கியமான முட்டுக்கட்டை சட்டத்திலேயே இருந்தது. விதிப்படியான அகலத்தில் சாலை போட்டால் ஏராளமான வீடுகள் போய்விடும். அதனால் எந்தச் சந்து எவ்வளவு அகலம் இருந்தால் தீயணைப்பு வண்டி நுழையும், எது நடைபாதையாக இருந்தால் போதும் என்று தெருக்காரர்களே பேசி முடிவெடுத்தார்கள். பெரிய குழாய்க்கு வழியில்லாத சந்துகளில் குறைந்த ஆழத்தில் சிறு குழாய்களைப் பதித்துக் கழிவுநீரை வெளியேற்றும் எளிய முறையை ஏற்றார்கள்.

கண்டிப்பான கை வேண்டும் என்கிறவர்கள் உடனே 2020-ஐ நினைவூட்டுவார்கள். அந்த ஆண்டு நைரோபி ஆளுநரிடமிருந்து சுகாதாரம், போக்குவரத்து, பொதுப்பணி, திட்டமிடல் ஆகிய துறைகள் மத்திய அரசின் கைக்குப் போயின. ஓர் இராணுவ ஜெனரலின் தலைமையில் நைரோபி பெருநகரச் சேவை அமைப்பு உருவானது. முகுருவில் சாலையும் குழாயும் வடிகாலும் போட்டது அந்த அமைப்புதானே என்பார்கள். ஆம், போட்டது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் எதைப் பார்த்துப் போட்டது? மக்கள் முன்பே உட்கார்ந்து எழுதிவைத்த திட்டத்தைப் பார்த்து. ஜெனரல் வருவதற்கு மூன்றாண்டு முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது.

கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் இன்னொரு முகத்தையும் காட்டியது. 2021 அக்டோபர், நவம்பரில் அதே முகுரு க்வா ஞ்ஜெங்காவுக்குள் ஒரு சாலைக்காகப் புல்டோசர்கள் நுழைந்தன. சுமார் 40,000 பேர் வீடிழந்தார்கள். சாலைக்கு வேண்டிய அகலத்தைத் தாண்டியும் இடித்தார்கள் என்று குடியிருந்தவர்கள் குமுறினார்கள். ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் பேராளர் இருந்த இடம் அது. ஒவ்வொரு சந்தும் வரைபடத்தில் ஏறியிருந்த இடம் அது. இடிப்பவர்கள் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டுமென்று அவர்களைக் கட்டாயப்படுத்த யாருமில்லை. அந்த அமைப்பு 2022-ல் கலைந்துவிட்டது. இழந்த வீட்டுக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் திறமையற்றவராகவோ ஊழல்வாதியாகவோ இருந்தால் மக்கள் அவரை இறக்கலாம். மக்கள் ஏற்றாத ஆளை மக்கள் எப்படி இறக்குவது?

ஆற்றோரத்தில் குடியிருந்து வெள்ளத்தில் சாகட்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024 மழையில் மத்தாரே ஆறு பெருகி உயிர்களைக் கொண்டுபோனது. கென்யா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்றது அரசு. கூடாதுதான். ஆனால் மாற்றிடம் காட்டாமல் மத்தாரேயிலும் முகுருவிலும் இடித்தார்கள். குடும்பத்துக்கு 10,000 ஷில்லிங் தருவோம் என்றார்கள். அந்தப் பணத்தில் சில மாத வாடகைக்கு மேல் எதுவும் நடக்காது. இடிக்கப்பட்டவர்கள் காற்றில் கரைவதில்லை. அடுத்த சந்தில், அடுத்த ஆற்றோரத்தில், முன்னைவிட நெருக்கமாகக் குடியேறுகிறார்கள். 1990-ல் முவோரோட்டோ குடியிருப்பை இடித்தபோதும் இதுவே நடந்தது. 2018-ல் ஒரு சாலைக்காகக் கிபெராவில் சுமார் 30,000 பேரைத் துரத்தியபோதும் இதுவே நடந்தது. உயிரைக் காக்க இடிக்கிறோம் என்று சொல்பவர் முதலில் அந்த உயிர் போய் நிற்க மேட்டில் ஓர் இடம் காட்டட்டும். பிறகு இடிக்கட்டும்.

நைரோபிக்கு வேண்டிய சீர்திருத்தம் புதிய வரைபடம் அல்ல. அறுபது கிலோமீட்டர் தள்ளி கொன்சாவில் 5,000 ஏக்கரில் எழும் தொழில்நுட்ப நகரமும் அல்ல. ந்டுங்கு அறிக்கையைத் தூசி தட்டி, முறைகேடான பட்டாக்களை ரத்து செய்ய வேண்டும். நிலப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். ஏழையின் தெருவைச் சட்டவிரோதமாக்கும் சாலை அகல விதிகளைத் திருத்த வேண்டும். 2010 அரசியலமைப்பு தங்குமிடத்தையும் சுகாதாரத்தையும் உரிமை என்று எழுதியிருக்கிறது. அந்த வரிகளுக்கு மாவட்ட நிர்வாகம் பதில் சொல்லும்படி செய்ய வேண்டும். இதற்கெல்லாம் முன்மாதிரி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை; அது முகுருவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை யாராவது நைரோபிக்குத் திட்டம் இல்லை என்று சொன்னால், முகுருவில் பத்துப் பத்து வீடாக உட்கார்ந்து எழுதிய அந்தத் திட்டத்தை அவர் கையில் கொடுங்கள். அதன் நடுவே 2021-ல் புல்டோசர் ஓடிய இடத்தைக் காட்டுங்கள். அந்த நகரத்தில் திட்டம் போட்டவர் யார், திட்டத்தை மிதித்தவர் யார் என்று அவரே சொல்லட்டும்.