தன்னை ஈனும் பொறி

கருவி செய்யும் அறிவு பொதுவாகாதவரை எந்நாட்டுக் கைத்தொழிலும் தலையெடுக்காது. இங்கிலாந்தின் பாத்துப் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் பௌயர் 2005-இல் தொடங்கிய 'இரெப்ரேப்பு' முயற்சி இதற்குச் சான்று. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று நேர்வழிகளில் இயங்கி, உருக்கிய நெகிழியை அடுக்கடுக்காய்ப் படியவைத்துப் பொருள் வனையும் மேசைப் பொறி அது. 2007-இல் உருவான 'தார்வின்', 2008-இல் தன் வழிப்பொறிக்கு வேண்டிய நெகிழி உறுப்புகளைத் தானே வனைந்து தந்தது. இரும்புத் தண்டும் மின்னோடியும் கடையில் வாங்க வேண்டியனவே. ஆயினும் வரைபடம் எவர்க்கும் விலையின்றி வழங்கப்பட்டது. அம்முறைக்கு அமெரிக்காவில் 1992-இல் தரப்பட்ட காப்புரிமை 2009-இல் முடிந்தபின் மலிவான பொறிகள் பெருகின. பூட்டிவைத்த அறிவு ஒருவனை வாழ்விக்கும். திறந்துவைத்த அறிவு ஊரை வாழ்விக்கும். விலைக்கு வாங்கியவர் என்றும் வாங்குவோரே. தம் கையால் கோத்துக் கட்டியவரே பொறிவல்லார்.