மூன்றாவது படியில் இல்லாத பொத்தான்

தேக்கா சந்தைக்கு அருகில் உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் வசிக்கிறார். பணி ஓய்வு பெற்ற பிறகு, தம் இளமைக்கால நினைவுகளைத் தமிழில் தட்டச்சு செய்ய விரும்பினார். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு திறமூல மென்பொருளை அவருடைய மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தேன். அதன் கையேட்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் என்னை அழைத்தார்.

“தம்பி, மூன்றாவது படியில ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கு. அந்தப் பொத்தானே இதுல இல்லையேப்பா!”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மென்பொருள் மாறிவிட்டது, கையேடு மாறவில்லை. பிழை தம்முடையது என்று நினைத்து, அவர் இரண்டு நாள் அதனுடன் போராடியிருக்கிறார். இப்படிப் போராடிக் களைத்து, யாரிடமும் சொல்லாமல் கணினியை மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ!

மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவதே திறமூல மென்பொருள். லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் ஆகியவை அத்தகையவை. இவற்றுக்காக உழைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிலர் நிரல் எழுதுகிறார்கள். வேறு சிலர் கையேடு எழுதுகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள். இவர்களுள் பலர் தொண்டூழியர்கள். இந்த இரு தரப்பினரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததுதான் மாமாவின் தொல்லைக்குக் காரணம் என்பது என் கருத்து.

இது ஒரு மாமாவின் தொல்லை மட்டுமன்று. கிட்ஹப் நிறுவனம் 2017ஆம் ஆண்டு திறமூல மென்பொருள் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அதில் 93 விழுக்காட்டினர், முழுமையில்லாத அல்லது பழையதாகிப்போன ஆவணங்களைச் சந்தித்திருப்பதாகக் கூறினர். ஆனால், பங்களிப்போரில் 60 விழுக்காட்டினர் ஆவணப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாகவோ ஈடுபடுவதே இல்லை என்றோ சொன்னார்கள். குறை எல்லாருக்கும் தெரிகிறது. கை வைக்கத்தான் ஆள் இல்லை.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் செல்கின்றன. வழியில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்கள் தொண்டூழியர்கள். ஊர்வலப் பாதை மாறினால், அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரிடத்திலும் தாகம் வேறிடத்திலும் இருக்கும். மென்பொருள் உலகில் பாதை அடிக்கடி மாறுகிறது. ஆனால், பந்தலில் நிற்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

சொல்ல முடியாததா என்ன? குனோம் என்னும் திறமூலத் திட்டம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே திரையின் தோற்றத்தையும் அதில் வரும் சொற்களையும் மாற்றுவதை நிறுத்திவிடுவார்கள். கையேடு எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் தங்கள் வேலையை முடிப்பதற்கான அவகாசம் அது. ஜாங்கோ என்னும் திட்டத்திலோ, புதிய வசதி ஒன்றைச் சேர்க்க விரும்புபவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்தே தர வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் பிடித்திருக்கிறது. மருந்தோடு அதை உண்ணும் முறையையும் எழுதித் தருவது போன்றது அது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஏப்ரலில், டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரல் ‘ஓப்பன்டிரேஸ்’ என்ற பெயரில் திறமூலமாக வெளியிடப்பட்டது. அது எப்படி இயங்குகிறது என்பதை விளக்கும் கட்டுரையையும் படிக்கத் தந்தார்கள். அதே மாதம் ஆஸ்திரேலியா வெளியிட்ட கோவிட்சேஃப் செயலி, அந்த நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. வெறும் நிரலை மட்டும் கொடுத்திருந்தால், அடுத்த நாட்டினர் அதைப் புரிந்துகொள்வதற்கே நெடுநாள் ஆகியிருக்கும்.

நிரலர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர்களிலும் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் முழுக் கையேட்டையும் எழுதச் சொல்லவில்லை. ‘இந்தப் பொத்தானை இடம் மாற்றினேன்’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். மற்றதைத் தொண்டூழியர் பார்த்துக்கொள்வார். அவருடைய பெயரையும் நிரலர்களின் பெயர்களோடு சேர்த்துப் போட வேண்டும். பல திட்டங்களில் அதுகூட நடப்பதில்லை.

தமிழருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. அவரவர் தனித்தனியே உழைத்ததன் விளைவு அது. 1997இல் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடந்தது. வெவ்வேறு நாட்டு வல்லுநர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ் 99’ விசைப்பலகை வந்தது. மாமா தட்டச்சு செய்வது அந்த விசைப்பலகையில்தான்.

இன்றும் பேசித் தீர்க்க வேண்டியவை இருக்கின்றன. நாம் ‘மின்னிலக்கம்’ என்கிறோம். இலங்கையில் ‘எண்ணிமம்’ என்று எழுதுவோர் உண்டு. தமிழ்நாட்டில் பலர் ‘டிஜிட்டல்’ என்றே எழுதுகிறார்கள். மூன்று நாட்டுத் தொண்டூழியர்கள் கலந்து பேசாமல் ஒரே கையேட்டைத் தமிழாக்கினால், படிப்பவர் அவற்றை மூன்று வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துக்கொள்வார்.

மாணவர்களாகிய உங்களுக்கு நிரல் எழுதத் தெரியாமல் இருக்கலாம். இந்த வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. எல்லாம் தெரிந்த நிரலருக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது தெரியாது. முதன்முதலாகப் பயன்படுத்துபவருக்குத்தான் அது தெரியும். குழம்பிய இடத்தைக் குறித்து அனுப்புங்கள். தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் அனுப்பும் திருத்தத்திற்கு இன்னும் மதிப்பு அதிகம்.

அன்று மாலையே மாமாவும் நானும் மூன்றாவது படியைத் திருத்தி எழுதி, அந்தத் திட்டத்தினருக்கு அனுப்பினோம். சில நாள்களில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மாமா இப்போது ஏழாவது படிக்கு வந்துவிட்டார். அங்கேயும் ஒரு பொத்தானைக் காணவில்லையாம்.