நம்ம ஊருக்கு ரெண்டு வி.ஓ.சி.

தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வி.ஓ.சி. என்றால் ஒருத்தர்தான்: வ.உ.சிதம்பரனார். ஆனா ஸ்டார்ட்அப் செமினார்களில் வருகிற வி.ஓ.சி. வேற. 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவங்க மொழியில் அதே மூணு எழுத்துதான். "பொதுமக்களுக்கு ஷேர் வித்த முதல் பெரிய கம்பெனி" என்று ஒரு ஸ்லைடு ஓடும். கைதட்டுவோம். அடுத்த ஸ்லைடு வந்துடும்.

அந்த ஸ்லைடில் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற பேரும் இருக்கணும் என்பது என் கருத்து. 1619-ல் ஜாவா தீவில் படேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, கம்பெனியின் தலைமையிடமாக்கிய கவர்னர் ஜெனரல் அவர். அன்று உலகத்துக்கே ஜாதிக்காய் வந்தது பாண்டா என்ற குட்டித் தீவுகளிலிருந்துதான். "எங்களுக்கு மட்டும்தான் விக்கணும்" என்றது கம்பெனி. பாண்டா மக்கள் மற்றவர்களுக்கும் வித்தாங்க. 1621-ல் கூன் படையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. மற்றவர்கள் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாகக் கப்பலேறினார்கள்.

"எங்கேயோ, எப்பவோ நடந்தது" என்று விட முடியாது. இதே கம்பெனிதான் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்தது. 1799-ல் கடனில் மூழ்கி மூடிட்டாங்க. 1800 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி குற்றாலத்தில் தோட்டம் போட்டு கிராம்பும் ஜாதிக்காயும் வளர்த்தது. இத்தனை பேரைக் கொன்று பொத்திப் பொத்தி வைத்த காய், நம்ம மலையடிவாரத்திலும் காய்ச்சுது.

நம்ம வ.உ.சி.யும் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஷேர்தான் வித்தார், ஒண்ணு 25 ரூபாய். அது வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க. டச்சு வி.ஓ.சி. ஊரையே அழித்தது, ஏகபோகத்தைக் காக்க. ஆனா "எவ்வளவு வளர்ந்தது, எத்தனை வருஷம் ஓடிச்சு" என்று மட்டும் கேட்டால், ஜெயிச்சது கூன்தான். வ.உ.சி. கம்பெனி சில வருஷத்திலேயே முடங்கிப்போச்சு. அப்போ தப்பு நம்ம கேள்வியில்தான்.

கூன் பிறந்த ஹோர்ன் நகரத்தில் அவர் சிலையின் கீழ் பாண்டாவில் செய்த கொடுமையையும் இப்போ எழுதி வச்சிருக்காங்க. அவங்க ஊர்லயே எழுதிட்டாங்க. நம்ம ஸ்லைடில் ஒரு வரி சேர்க்க என்ன தயக்கம்? பிளேஸ்மென்ட் சீசன் வருது. பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்போம், தப்பில்லை. அந்தப் பணம் யார் வயித்துல அடிச்சு வருது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.